ஜன்னலுக்கு ஊதுவத்தி காட்டியவர்

“இன்னா டீச்சர், சுவத்துல வழியற தண்ணி என் வாயிலருந்து வந்துச்சுன்றியா?”

கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற எதிர்வீட்டு அக்காதான் சிரித்தாள். அவர் உள்ளங்கையைச் சுவரில் அழுத்தி எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஐந்து விரலும் நனைந்திருந்தன. “ஒரு மனுசன் வாயில இவ்ளோ தண்ணி இருந்தா அவன் மனுசனா, கோமுகி அணையா?”

கல்வராயன் மலைமேல் பள்ளிக்கூடத்துக்கு அறிவியல் ஆசிரியையாக வந்த புதிதில், அவருடைய வீட்டின் பின்பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்தேன். கான்கிரீட் வீடு. முன்பக்கம் அவர், பின்பக்கம் நான், நடுவில் ஒரே சுவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் இன்றும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். வந்த முதல் வாரமே கள்ளக்குறிச்சியில் ஒரு பெயர்ப்பலகை எழுதி வாங்கிவந்து என் கதவில் மாட்டினேன். பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி., பி.எட். என்று இருந்தது. அதை அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். அதன்பிறகு என்னை அதட்டும்போதெல்லாம் அழைத்தது அப்படித்தான்.

“பி.எஸ்சி. பி.எட்.டு, கதவச் சாத்து!”

கதவு என்பது அவருக்கு ஒரு பொருள் இல்லை, ஒரு ஓட்டை. தாழ்ப்பாள் அசையும் சத்தம் கேட்டாலே எங்கிருந்தாலும் குரல் வந்துவிடும். யாராவது அவர் வீட்டுக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் பின்னாலேயே வந்து கதவை இழுத்துச் சாத்துவார். தபால்காரர் ஒருமுறை உள்ளே மாட்டிக்கொண்டு, “அய்யா, நான் குடுத்துட்டுப் போறதுக்குத்தான் வந்தேன்” என்று கெஞ்சியதை நான் பார்த்திருக்கிறேன்.

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் பாய்லரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கரும்புச் சக்கையை எரித்து ஆவி எழுப்பும் வேலை. முன்கை இரண்டிலும் மயிர் முளைக்காது. அனலில் பொசுங்கிப் பொசுங்கி வழவழவென்று இருக்கும். “சக்கைய அள்ளிக் கொட்டி எவன் வேணா ஆவி எழுப்பலாம். எழுப்புனத வெளிய வுடாம புடிச்சி வெக்கிறான் பாரு, அவன்தான் பாய்லர்காரன்” என்பார். ஓய்வு பெறும்போது பாய்லர் கதவின் இடுக்கில் வைத்து அடைக்கிற தடித்த வெள்ளைக் கயிறு ஒரு சுருணை கொண்டுவந்திருந்தார். அதை வைத்துத்தான் தன் வீட்டுக் கதவு, ஜன்னல், மேலே இருந்த காற்றுத் துவாரம் எல்லாவற்றையும் அடைத்திருந்தார். கயிறு போதாத இடத்தில் கிழிந்த கோணி. கோணியும் போகாத கீறலில் பஞ்சு.

வாரம் ஒருமுறை ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போவார். சட்டத்தின் ஓரமாக மெல்ல நகர்த்துவார். புகை எந்த இடத்தில் வளைகிறதோ அங்கே காற்று நுழைகிறது. அங்கே ஒரு துணி திணிப்பார். மறுபடி காட்டிப் பார்ப்பார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது பூசைபோல இருக்கும். “பெருசு ஜன்னலுக்கு ஊதுவத்தி காட்டுது. சாமி வந்து ஒக்காந்துக்கினு கீது போல” என்று எதிர்வீட்டு அக்கா என்னிடம் கண்ணடிப்பாள்.

அந்தக் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழே இருப்பவர்கள் மலை என்றால் சுற்றுலா என்று நினைப்பார்கள். ஐப்பசி பிறந்தால் மேகம் தெருவில் நடக்கும். துவைத்த துணி நான்கு நாள் காயாது. வெளியே அடுக்கிய விறகு நனைந்து, ஊதினால் கண்ணீர்தான் வரும். கரண்ட் ஹீட்டர் வாங்கலாம் என்றால் அது சாப்பிடும் கரண்டுக்கு யார் பதில் சொல்வது? இரண்டு பேருக்கும் ஒரே மீட்டர். நான் குளிக்கத் தண்ணீர் சுடவைக்கும்போது மட்டும் அவர் மீட்டர் பெட்டிக்குக் கீழே போய் நின்று, “சக்கரம் சுத்துது டீச்சர், சைக்கிள் ஓட்டற மாரி சுத்துது” என்று கத்துவார். ஆகவே சூட்டை உண்டாக்குவது எங்கள் இருவராலும் முடியாத காரியம். இருக்கிற சூட்டைப் பிடித்துவைப்பது மட்டும்தான் முடியும். அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

ஆனால் அவர் வீட்டுச் சுவர் அழுதது. மூலைகளில் கறுப்புப் புள்ளிகள் வந்து, புள்ளிகள் சேர்ந்து படமாகி, மிளகுத்தூளை ஈரத்தில் தூவியதுபோல் பரவின. பீரோவின் பின்புறம் பச்சையாகப் பூத்திருந்தது. அரிசிப் பானையைத் திறந்தாலும் அந்த வாசனைதான். அவர் நெஞ்சுக்குள் ஒரு விசில் சத்தம் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும். தளம் ஒழுகுகிறது என்று அவர் முடிவு கட்டி, மேலே ஏறித் தார் பூசி, அதன்மேல் தார்ப்பாய் போட்டுக் கல் வைத்திருந்தார். அப்படியும் நிற்கவில்லை. தினம் விடியலில் எழுந்து பாய்லர் துடைக்கிற நூல்கழிவால் சுவரைத் துடைப்பார். கீச், கீச் என்று அந்தச் சத்தம் சுவர் வழியாக என் தலைமாட்டில் கேட்கும். அதுதான் எனக்கு அலாரம். அந்த ஊரில் எனக்குத் தெரிந்த மனித சத்தமும் அநேகமாக அது ஒன்றுதான். பள்ளி முடிந்தால் மாலை ஐந்திலிருந்து மறுநாள் காலை வரை நான் பேசுவதற்கு யாரும் இல்லை. அவருக்கும் இல்லை. சுவரின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும் இருமிக்கொள்வோம்.

அவர் ஏன் இப்படி அடைக்கிறார் என்பதை எதிர்வீட்டு அக்காதான் சொன்னாள். அவருடைய மனைவி இந்த மலைக்காரி. இங்கே அங்கன்வாடியில் வேலை. இவருக்குக் கீழே ஆலை. கரும்பு அரவை தொடங்குவது பனி விழும் மாதங்களில்தான். அரவை நடக்கும்போது பாய்லரை விட்டு வரமுடியாது. வெயில் காலத்தில் மலைக்கு வருவார். குளிர் வந்தால் இறங்கிவிடுவார். “இருவத்தஞ்சி முப்பது வருசம் குடும்பம் பண்ணி ஒரு மார்கழி கூட சேர்ந்து இருந்ததில்ல டீச்சர். மார்கழி முடியறப்ப ரிட்டையர்டு ஆயி வந்தாரு. அந்தத் தையிலியே அந்தம்மா பூட்டுது.”

அவர் தன் வாயால் ஒரே ஒருமுறை சொன்னார். சுவரைத் துடைத்துக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டியபடி.

“போன்ல சொல்லுவா, குளுருதுங்கன்னு. நான் பாய்லர் முன்னாடி பனியனக் கழட்டிப் புழிஞ்சிக்கினு நிப்பேன். ரெண்டு போர்வையா போத்திக்கன்னுவேன்.” கொஞ்ச நேரம் துடைத்தார். “இன்னா பேச்சு அது. ரெண்டு போர்வையா போத்திக்க.”

அவளுடைய ஒரே படம் வடக்குச் சுவரில் மாட்டியிருந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் கள்ளக்குறிச்சி ஸ்டூடியோவில் எடுத்தது. இவர் விறைத்து நிற்க, அவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அந்தக் கார்த்திகையில் பூஞ்சை படத்துக்குள் போய்விட்டது. முந்தானையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு வட்டம். அடுத்த வாரம் முழங்கை. அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஒருநாள் படத்தைத் தூக்கிக்கொண்டு என் கதவுக்கு வந்து நின்றார். அன்றுதான் முதல்முறையாகக் கதவைச் சாத்தச் சொல்லாமல் நின்றார்.

“உள்ள பூந்துடுச்சி டீச்சர். தோள்கிட்ட வந்துடுச்சி. மூஞ்சிக்கி வந்துட்டா நான் இன்னா பண்ணுவேன்?”

அப்போதுதான் நான் விளக்கம் சொன்னேன். தண்ணீர் மேலிருந்து வரவில்லை. நம் மூச்சிலும், உள்ளே காயப்போடும் வேட்டியிலும், கொதிக்கும் சோற்றிலும் இருந்து வருகிறது. வெளியே போக வழியில்லாமல் குளிர்ந்த சுவரில் போய் உட்கார்கிறது. அதற்குத்தான் அவர் கோமுகி அணையைக் கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. படித்ததை நம்பாதவர்களைக் கண்டால் அப்போதெல்லாம் எனக்கு உடனே கோபம் வரும். நோட்டுக்கு அட்டை போடும் கண்ணாடித்தாளில் ஒரு துண்டு வெட்டி, அவர் துடைத்துவைத்த சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டினேன். “தளத்துலருந்தோ சுவத்துக்குள்ள இருந்தோ தண்ணி வந்தா தாளுக்குப் பின்னாடி ஈரமாகும். நம்மகிட்டேருந்து வந்தா முன்னாடி ஈரமாகும். காலையில பாருங்க ஐயா” என்றேன்.

காலையில் கீச் சத்தம் வரவில்லை. பதிலாக என் கதவைத் தட்டினார். தாளின் முன்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். டேப்பைப் பிரித்தார். பின்பக்கம் காய்ந்து கிடந்தது. விரலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

“கண்டன்சேட்டு” என்றார். ஆலையில் ஆவி குளிர்ந்து தண்ணீராவதை அப்படித்தான் சொல்வார்களாம். “அடப்பாவி! அப்போ இவ்ளோ நாளு நான் பாய்லருக்கு உள்ள படுத்துக்கினு இருந்திருக்கேன்.”

இருவரும் சிரித்தோம். அந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தது எத்தனை நாளைக்குப் பிறகோ. அவர் டீ போட்டார். நான் ஜன்னலைத் தினம் ஒரு மணிநேரம் திறந்துவைக்கச் சொன்னேன். முகம் மாறிவிட்டது.

“அது முடியாது. பூசணம் போவணும்னு அவளக் குளுருல வுடச் சொல்றியா? வேற சொல்லு.”

வேறு சொன்னேன். ஈரத் துணியை வெளியே கூரைச் சாய்ப்பில் போடுங்கள். சோற்றுப்பானையை மூடி வையுங்கள். குளிர் காய்வதற்காக கேஸ் அடுப்பை எரியவிட்டு உட்காருகிறீர்களே, அது வேண்டாம். கேஸ் எரிந்தாலே நீராவி உண்டாகும். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். வகுப்பில் முதல் பெஞ்சில்கூட அப்படி யாரும் எனக்குத் தலையாட்டியதில்லை.

“கேஸ் எரிஞ்சா தண்ணி வரும். அப்போ கரி?”

“கரியில தண்ணி வராது” என்றேன்.

அந்தப் பாடத்தின் அடுத்த வரி எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்புக்கு நானே நடத்தியது. காற்றுப் போதாத இடத்தில் கரி எரிந்தால் வரும் வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, ஆளைக் கொல்லும். கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். அன்று சொல்லவில்லை. மறந்துவிட்டது என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. அவர் கேட்டதற்குச் சரியான பதில் சொன்ன இடத்தில் நிறுத்திக்கொள்ள எனக்குப் பிடித்திருந்தது. இன்னொரு வரி சொல்லியிருந்தால் அவர் மறுபடி வாதம் செய்திருப்பார்.

இரண்டு நாள் கழித்து, கள்ளக்குறிச்சி பஸ்ஸிலிருந்து ஒரு மூட்டை கரியை இறக்கினார். இஸ்திரிக் கடைக்குப் போடுகிற கரி. நான் அப்போது பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்தேன். “டீச்சர் சொன்ன சரக்கு!” என்று கடைத்தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். நான் சிரித்துக்கொண்டு போனேன். ஓர் இரும்புச் சட்டியில் கரியைக் கொளுத்தி, தணலான பிறகு உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். சுவர் உண்மையிலேயே காயத் தொடங்கியது. வெள்ளை வட்டம் அவள் தோளோடு நின்றது. பார்த்தவர்களிடமெல்லாம், “படிப்புன்னா சும்மாவா? எங்க வூட்டு டீச்சரு சுவத்தப் பாத்தே சொல்லிடுச்சி” என்று பெருமை பேசிக்கொண்டு திரிந்தார். அதைக் கேட்பதற்காகவே நான் டீக்கடை வழியாகச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். தலை வலிக்கிறது என்று அவர் நடுவில் இரண்டு முறை சொன்னதும் என் காதில் விழுந்ததுதான்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் ஊதுவத்தியோடு ஜன்னல் ஜன்னலாகப் போய் வந்தார். என்னை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்.

“பாரு, எங்கியும் வளையல. பொகை நேரா நிக்குது டீச்சர்.”

ஆமாம், நூல் பிடித்ததுபோல நேராக மேலே போனது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் விடியலில் கீச் சத்தம் கேட்கவில்லை. தூங்குகிறார் என்று படுத்திருந்தேன். வெளிச்சம் வந்தது. இருமலும் கேட்கவில்லை. அப்போது அந்த அடிக்கோடு போட்ட வரி, நான் எழுதிய கையெழுத்திலேயே, என் கண்முன்னால் வந்தது. ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். கயிறு திணித்த கதவு அசையவே இல்லை. கத்தியதில் எதிர்வீட்டு அக்கா கடப்பாரையோடு ஓடிவந்தாள். நான் வாசலில் கிடந்த ஒரு கல்லை எடுத்து ஜன்னல் கண்ணாடியை உடைத்து, கோணியைப் பிடுங்கி, அடுத்த ஜன்னலையும் உடைத்தேன். அக்கா கதவைப் பெயர்த்தாள். கட்டிலில் கிடந்தவரை இருவருமாக வெளியே இழுத்துப் பனியில் போட்டோம். கன்னம் சிவந்து, நல்ல தூக்கத்தில் இருப்பவர்போல இருந்தார். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு வாந்தி எடுத்தார். கண்ணைத் திறந்தார். திறந்து கிடந்த கதவைப் பார்த்தார்.

“சூடெல்லாம் பூடுச்சே” என்றார்.

ஜீப் பிடித்துக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். திருக்கோவிலூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வந்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “நீங்க இல்லன்னா எங்கப்பா இல்லீங்க டீச்சர்” என்று அழுதாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். “யாருப்பா உனக்கு ரூமுக்குள்ள கரி வெக்கச் சொன்னது? அறிவு கெட்டவன் எவன் சொன்னான்?”

அவர் என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான்.

“எவன் சொல்லணும்? நானாத்தான்” என்றார்.

நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. பள்ளியில் காலை வழிபாட்டில் என்னைப் பாராட்டிப் பேசினார்கள். துண்டு போர்த்தினார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

மகள் அவரைத் தன்னோடு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். போகும் நாளில், வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். படத்தைக் கையில் எடுத்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி அங்கேயே மாட்டினார். “கீழ அவளுக்கு யாரத் தெரியும்? இங்கியே இருக்கட்டும். ஜன்னலத் தொறந்து போட்டுடாத, பி.எஸ்சி. பி.எட்.டு.”

சரி என்றேன். பஸ் திரும்பியதும் உள்ளே போய், அடைத்திருந்த கயிற்றையெல்லாம் உருவினேன்.

ஐந்து வருடம் ஆகிவிட்டது. அவர் வீட்டு ஜன்னல்களைத் தினமும் மதியம் ஒரு மணிநேரம் திறந்து வைக்கிறேன். சுவர் காய்ந்திருக்கிறது. படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி வெயிலில்லாத காற்றில் உலர்த்தி, சுவரில் ஒட்டாமல் பின்னால் இரண்டு மரத்துண்டு வைத்து மாட்டினேன். அவள் முகம் தப்பிவிட்டது. தோளில் மட்டும் வெள்ளையாக ஒரு வட்டம், யாரோ கை வைத்ததுபோல. மகள் பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வாள், அப்பா விசாரித்தார் என்பாள். நான் நலம் என்பேன். ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. மலையில் குளிர் வந்தால் என் அறைக் கதவின் அடியில் நானும் கோணியைத் திணிக்கிறேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து பிடுங்கிவிடுகிறேன். பக்கத்து அறையில் இப்போது யாரும் இருமுவதில்லை.

போன வாரம் எட்டாம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தது. அடிக்கோடு போட்டேன். ஒரு மாணவி எழுந்து, “மிஸ், இது தெரிஞ்சதாலதான் நீங்க அந்தத் தாத்தாவக் காப்பாத்துனீங்களா?” என்று கேட்டாள். வகுப்பே கைதட்டியது.

அன்று மாலையே வெள்ளிக்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். படத்தைக் கழற்றி, என் பருத்திச் சேலை ஒன்றில் சுற்றிக் கட்டிவைத்தேன். மகளுக்குப் போன் செய்து, அப்பாவைப் பார்க்க வருகிறேன், ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது என்றேன்.

“வாங்க டீச்சர். ஆனா அப்பாவுக்கு இப்ப காது ரொம்பக் கம்மிங்க. எது சொன்னாலும் கத்திச் சொல்லணும். தெருவுக்கே கேக்கும்.”

கத்தியே சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.